பிராக்ல தனியா, முதல் மூணு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன செப்டம்பர் கடைசியில ஒத்தைப் பையை முதுகுல மாட்டிக்கிட்டு செக் நாட்டுத் தலைநகர் பிராக் போயிட்டு வந்தேன், தனியா, மொத்தம் ஆறு நாள். வந்ததுல இருந்து சித்தி பொண்ணு, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற புள்ளைங்க, அதுல ஒருத்தியோட அம்மா, பேசியே பல வருஷம் ஆன காலேஜ் தோழிங்கன்னு ஆள் மாத்தி ஆள் போன் பண்றாங்க, கேள்வி மட்டும் மாறவே மாட்டேங்குது. அதான் அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்வியைப் போட்டு பதிலை எழுதிட்டேன். முதல் மூணு நாளைப் பத்தி மட்டும்தான் இது, ஏன்னா பயம், காசு வீணாப் போறது, வழி தெரியாம நிக்கிறது எல்லாம் அந்த மூணு நாள்லதான் வருது, நாலாவது நாள் டிராம் நம்பர் உங்களுக்கே மனப்பாடம் ஆயிடும்.

ஏன்க்கா பிராக்? எல்லாரும் பாரிஸ், ரோம்னுதானே போறாங்க?

தனியா முதல் தடவை வெளிநாடு போறவங்களுக்கு ஊர் கைக்குள்ள அடங்குறது முக்கியம். பிராக்ல பழைய ஊர் சதுக்கத்துல இருந்து சார்லஸ் பாலத்துக்கு நடந்தே பத்து நிமிஷம்தான், பாலத்தைத் தாண்டினா மேல கோட்டை. வழி தப்பினாலும் வல்தாவா ஆறு எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தா திரும்ப வந்து சேந்துடலாம். ரெண்டாம் உலகப் போர்ல ஐரோப்பாவுல எத்தனையோ ஊரு தரைமட்டம் ஆச்சு, இந்த ஊரோட பழைய பகுதி பெரும்பாலும் தப்பிச்சிடுச்சு, அதனால 14ஆம் நூற்றாண்டு கட்டடமும் 18ஆம் நூற்றாண்டு கட்டடமும் ஒரே தெருவுல தோளோட தோள் உரசிக்கிட்டு நிக்குது. 1992ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க.

விசா கிடைச்சிடுச்சு, இனிமே ஏர்போர்ட்ல எதுவும் கேக்க மாட்டாங்கதானே?

கேக்கலாம். ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாட்டுக்குச் சேத்து ஒரே விசா) இருந்தாலும் உள்ள விடுறது அந்த அதிகாரி முடிவுதான். ரிட்டர்ன் டிக்கெட், ஹாஸ்டல் புக்கிங், இன்சூரன்ஸ் (குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் இருக்கணும், விசாவுக்கே அது கட்டாயம்) மூணையும் பேப்பர்ல பிரின்ட் எடுத்து கையில வச்சிக்கோங்க, போன்ல சார்ஜ் இல்லாம போற நேரம் சரியா அதுதான்.

இன்னொண்ணு, நீங்க முதல்ல இறங்குற ஷெங்கன் நாட்டுலதான் இமிகிரேஷன். தோஹா, துபாய் வழியா போனா பிராக்லயே நடக்கும், ஃபிராங்க்ஃபர்ட் வழியா போனா அங்கயே முடிஞ்சிடும், அதனால அடுத்த ஃபிளைட்டுக்கு நடுவுல நேரம் தாராளமா இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்க. 2025 அக்டோபர் 12ல இருந்து கைரேகை, போட்டோ பதியற புது முறையும் ஆரம்பிச்சிருக்கு, வரிசை மெதுவா நகரும்.

பையில என்ன வைக்கலாம், நெய்யும் பால்கோவாவும் அம்மா குடுத்து விடுறாங்க

அம்மா மனசு நோகாம சொல்லிடுங்க, ரெண்டுமே கூடாது. வெளியில இருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னு விதி இருக்கு, நெய், பால்கோவா, பேடா எல்லாம் அதுல வந்துடும். பருப்புப் பொடி, தட்டை, முறுக்கு, புளிக்காய்ச்சல் எடுத்துட்டுப் போங்க. முதல் ரெண்டு நாளைக்கு அது சாப்பாட்டுக்கு மேல ஒரு தைரியம், அனுபவிச்சு சொல்றேன்.

உருட்டுற சூட்கேஸ் வேணாம். ஊர் பூரா சின்னச் சின்ன கல் பதிச்ச தெரு, சக்கரம் ரெண்டே தெருவுல மக்கர் பண்ண ஆரம்பிச்சிடும். முதுகுப் பை, நடந்து பழகின ஷூ (புது ஷூ வாங்கி அங்க போய் முதல்ல போடாதீங்க, கொப்புளம் நிச்சயம்), ஒரு சின்னப் பூட்டு, காதுல வைக்கிற பஞ்சு. செப்டம்பர் கடைசியிலயே காலைல நல்ல குளிரு, ஒரு ஜாக்கெட் வேணும்.

ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள எப்படிப் போறது? டாக்சிதான் சேஃப்னு சொல்றாங்களே?

டாக்சி தேவையே இல்ல. டெர்மினல் வாசல்லயே 59ஆம் நம்பர் டிராலிபஸ் நிக்கும், மேல கம்பி ஓடுற கரண்ட் பஸ். முன்னாடி 119ன்னு பஸ் ஓடுச்சு, பழைய வீடியோ பாத்துட்டுப் போறவங்க அந்த நம்பரைத் தேடிக்கிட்டு நிப்பாங்க, 2024ல இருந்து 59தான். அது நாட்ராஜி வெலெஸ்லாவீன்ங்கிற மெட்ரோ ஸ்டேஷன்ல விடும், அங்க இருந்து ஏ லைன், அதாவது பச்சைக் கோடு, நேரா ஊர் நடுவுக்கு. நேரா மெயின் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகணும்னா ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்னு தனி பஸ்ஸும் இருக்கு.

மெட்ரோவுல மூணே கோடுதான், ஏ பச்சை, பி மஞ்சள், சி சிவப்பு. மூஸ்டெக், முசேயம், ஃப்ளோரென்ஸ் இந்த மூணு ஸ்டேஷன்ல மட்டும்தான் கோடு மாறலாம். இதை ஒரு பேப்பர்ல கையால வரைஞ்சு வச்சிக்கோங்க, வரையும்போதே பாதி மனசுல ஏறிடும்.

டிக்கெட் வாங்கிட்டேன், அப்புறமும் ஏன் ஃபைன் போட்டாங்கன்னு என் ஃபிரண்ட் புலம்புறா

மெஷின்ல குத்தியிருக்க மாட்டாங்க. பேப்பர் டிக்கெட்டை வாங்கினா மட்டும் பத்தாது, மெட்ரோ இறங்குற வழியிலயும் டிராம், பஸ்ஸுக்குள்ளயும் சின்ன மஞ்சப் பெட்டி இருக்கும், அதுல ஒரே ஒரு தடவை நுழைச்சா தேதியும் நேரமும் அச்சாகி வரும், அந்த நிமிஷத்துல இருந்துதான் டிக்கெட்டுக்கு உயிர். மெட்ரோவுல நம்ம ஊர் மாதிரி கேட் கிடையாது, யாரும் தடுக்க மாட்டாங்க, அதனாலதான் எல்லாருக்கும் மறக்குது. செக் பண்றவங்க யூனிஃபார்ம் இல்லாம சாதாரண டிரஸ்ல வந்து பேட்ஜைக் காமிப்பாங்க, "தெரியாது"ங்கிறது அங்க செல்லாது.

30 நிமிஷம், 90 நிமிஷம், 24 மணி நேரம், 72 மணி நேரம்னு டிக்கெட் இருக்கு, அதுக்குள்ள மெட்ரோ, டிராம், பஸ் எது வேணாலும் மாத்தி மாத்தி ஏறலாம். முதல் மூணு நாளைக்கு 72 மணி நேரம்தான் என் ஓட்டு. தப்பான டிராம்ல ஏறிட்டா பதறாம அடுத்த ஸ்டாப்ல இறங்கி எதிர்ப்பக்கம் ஏறிடலாம், அந்த நிம்மதிக்கே குடுக்கலாம்.

யூரோ எடுத்துட்டுப் போனா போதும்ல, ஐரோப்பாதானே?

செக் நாட்டுல யூரோ கிடையாது, கொருனாங்கிற அவங்க காசுதான். பல கடையில யூரோவும் வாங்குவாங்க, ஆனா அவங்க வச்சதுதான் ரேட்டு. கார்டு கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் ஓடுது, டிராம்ல கூட தட்டி டிக்கெட் வாங்கலாம். கையில கொஞ்சம் கொருனா இருந்தா போதும். ஏடிஎம்லயோ கடையிலயோ "ரூபாயில கழிக்கவா, கொருனாவுல கழிக்கவா"ன்னு ஸ்க்ரீன் கேட்டா எப்பவும் கொருனாவையே அமுக்குங்க, ரூபாய்னு அமுக்கினா ரேட்டுல நல்லா அடி விழும். தெருவோரம் சுவத்துல பதிச்ச தனியார் ஏடிஎம்மை விட்டுட்டு பேங்க் வாசல்ல இருக்கிறதா பாத்து எடுங்க.

நான் முதல் நாள் சதுக்கத்துக்குப் பக்கத்துல ஒரு கவுன்ட்டர்ல "கமிஷன் இல்லை"ன்னு பெருசா எழுதியிருந்ததை நம்பி 50 யூரோ மாத்தினேன், எண்ணிப் பாத்தா நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. கமிஷன் இல்லதான், ஆனா ரேட்டு அடிமட்டம். அப்ப எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியட்டும்: 2019ல வந்த சட்டப்படி, காசு மாத்தின 3 மணி நேரத்துக்குள்ள ரசீதோட அதே கவுன்ட்டருக்குப் போனா ரத்து பண்ணித்தான் ஆகணும், 1000 யூரோ வரைக்கும். அதனால ரசீதைக் கசக்கி எறியாதீங்க. தெருவுல ஒருத்தன் கிட்ட வந்து நல்ல ரேட்டு தரேன்னு சொன்னா நிக்கவே வேணாம், வேற நாட்டு மதிப்பில்லாத நோட்டைக் கையில திணிச்சிட்டுப் போயிடுவாங்க.

ஹாஸ்டல்னா எட்டு பேரு ஒரே ரூம்லயா? பொண்ணுங்க எப்படித் தங்குறது?

பொண்ணுங்களுக்கு மட்டும்னு தனி டார்ம் நிறைய ஹாஸ்டல்ல இருக்கு, புக் பண்ணும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டிலுக்கு ஒரு திரை, ஒரு லைட்டு, கீழ ஒரு லாக்கர், அவ்வளவுதான் உங்க வீடு. பாஸ்போர்ட்டும் பாதிக் காசும் லாக்கர்ல, பூட்டு நீங்கதான் கொண்டு போகணும்.

ரிவ்யூ படிக்கும்போது "பார்ட்டி"ங்கிற வார்த்தை நாலு தடவை வந்தா அந்த ஹாஸ்டலை விட்டுடுங்க, முதல் ராத்திரி தூக்கம் ரொம்ப முக்கியம். சதுக்கத்துக்கு மேலயே தங்காம வினோஹ்ராடி, ஜிஷ்கோவ், கார்லீன் மாதிரி கொஞ்சம் தள்ளி இருக்கிற பேட்டையில எடுத்தா சத்தமும் கம்மி, காசும் கம்மி, காலைல ஆபீஸ் போற ஜனத்தோட டிராம்ல போகலாம். நான் வினோஹ்ராடி பக்கம் தங்கினேன், நாமெஸ்டீ மீரு ஸ்டேஷன். அந்த ஸ்டேஷன் எஸ்கலேட்டரு 87 மீட்டர் நீளம், முதல் தடவை மேல நின்னு கீழ பாத்தப்ப தலை சுத்திடுச்சு, கைப்பிடியைப் புடிச்சிட்டு வலது ஓரமா நில்லுங்க, இடது பக்கம் அவசரமா போறவங்களுக்கு. அந்தப் படி ஓடுற வேகமும் நம்ம ஊரை விட ஜாஸ்தி.

கேக்கக் கூச்சமா இருக்கு, பாத்ரூம்ல தண்ணி இருக்குமா?

கூச்சமே படாதீங்க, பத்துல எட்டு பேரு இதைத்தான் கடைசியா மெதுவா கேக்குறாங்க. பேப்பர் மட்டும்தான். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் இருந்தா பிரச்சினை முடிஞ்சிடுச்சு. வெளிய பொதுக் கழிப்பறைக்குப் பெரும்பாலும் காசு குடுக்கணும், சில்லறை கொருனா அதுக்காகவே ஒரு தனிப் பையில இருக்கட்டும். மியூசியம், காபி கடை உள்ள போற நேரத்தைத் தவற விடாதீங்க. குழாய்த் தண்ணியைத் தாராளமா குடிக்கலாம், தண்ணி பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேணாம்.

முதல் நாள் ராத்திரி அழுகை வரும்னு சொன்னியே, நெஜமாவா?

நெஜம்தான். நான் போய் இறங்கினது செப்டம்பர் 28, அன்னிக்கு அவங்க புனிதர் வாட்ஸ்லாவ் நாள், தேசிய விடுமுறை. அந்த மாதிரி குறிப்பிட்ட சில விடுமுறைக்கு 200 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற கடை எல்லாம் மூடணும்னு அங்க சட்டம். ஆசையா சூப்பர் மார்க்கெட் தேடிப் போனா ஷட்டர் போட்டிருக்கு. திரும்பி வந்து கட்டில்ல உக்காந்தேன், எதிர்க்கட்டில் பொண்ணு காதுல ஹெட்போன் மாட்டிட்டு தூங்குறா, ஜன்னலுக்கு வெளிய யாரோ கூட்டமா சிரிச்சிட்டுப் போறாங்க, இத்தனை பேரு இருக்கிற ஊர்ல என் பேரு தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இல்லன்னு தோணுச்சு பாருங்க, அப்பதான் தொண்டையை அடைச்சுது. அம்மாவுக்கு போன் பண்ணலாம்னா நம்ம ஊர்ல நடுராத்திரி ஆயிடுச்சு.

அப்புறம் முகத்தைக் கழுவிட்டு கீழ இறங்கி தெருமுனைக்குப் போனேன். அங்க வெச்செர்கான்னு சொல்லுவாங்க, நம்ம அண்ணாச்சி கடை மாதிரி சின்னதா, ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும், நிறைய கடை வியட்நாம் குடும்பங்க நடத்துறது. உள்ள போய் வழியில படிச்சு வச்ச "டொப்ரி டென்"னைச் சொன்னேன், கல்லாவுல இருந்த அம்மா நிமிந்து பாத்து திருப்பி "டொப்ரி டென்"னாங்க. ஒரு பன்னு, தயிரு, ஒரு வாழைப்பழம். மீதிக் காசை ஒவ்வொண்ணா என் முன்னாடி எண்ணி வச்சாங்க, தெரியாத ஊர்ல ஒருத்தங்க கூட ஒரு வேலை முழுசா முடிஞ்சிடுச்சு. தயிர்ல பருப்புப் பொடியைக் கலந்து தொட்டு சாப்பிட்டுத் தூங்கிட்டேன். முதல் நாள் ஒண்ணும் பாக்கலையேன்னு கவலையே படாதீங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தாலே அந்த நாள் வேலை முடிஞ்சது.

அங்க போனா விடிகாலை மூணரைக்கே முழிப்பு வந்துடுமாமே, என்ன பண்றது?

கோடையில அவங்க நேரம் நமக்கு மூணரை மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல நாலரை. அதனால உடம்பு முதல் ரெண்டு நாள் நம்ம ஊர் காலைல எந்திரிக்கிற மாதிரி அங்க இருட்டுலயே எந்திரிச்சிடும். திரும்பப் படுத்து உருளாதீங்க, சார்லஸ் பாலத்துக்குக் கிளம்பிடுங்க. பகல்ல பத்து மணிக்கு அப்புறம் அந்தப் பாலத்துல ரங்கநாதன் தெரு கூட்டம், ஒரு சிலையை நின்னு பாக்க முடியாது. நான் போனது ஆறேகால் மணி, விடியறதுக்கு முன்னாடி. விளக்கு இன்னும் எரிஞ்சிட்டு இருந்துச்சு, ரெண்டு பேரு ஜாக்கிங் போறாங்க, ஒரு அண்ணன் முக்காலி போட்டு கேமரா வச்சிருந்தாரு, மத்தபடி ஆத்துச் சத்தம் மட்டும்தான்.

நாலாம் சார்லஸ் மன்னர் 1357ல கட்ட ஆரம்பிச்ச பாலம், 516 மீட்டர், ரெண்டு பக்கமும் 30 சிலை. அதுல தலையைச் சுத்தி அஞ்சு நட்சத்திரம் வச்ச ஒரே வெண்கலச் சிலை இருக்கும், புனிதர் ஜான் நெபொமுக். 1393ல ராஜா உத்தரவுல அவரை வல்தாவாவுக்குள்ள தள்ளிட்டாங்க, 1683ல சிலை வச்சாங்க. கீழ ரெண்டு உலோகப் பலகை, பூராவும் கருத்துப் போயிருக்கும், ஜனங்க தொடுற இடம் மட்டும் தங்கம் மாதிரி பளபளக்கும். நம்ம கோயில்ல நந்தி முதுகு வழவழன்னு ஆகியிருக்குமே, அதே மாதிரி. தொட்டா திரும்ப இந்த ஊருக்கு வருவோம்னு நம்பிக்கை. நான் கையை வச்சேன், பனியில ஜில்லுனு இருந்துச்சு, எடுக்க மனசு வரல.

அந்தக் கடிகாரத்தைக் கண்டிப்பா பாக்கணுமா?

பழைய ஊர் சதுக்கத்துல டவுன் ஹால் சுவத்துல இருக்கிற பெரிய கடிகாரத்தைத்தான் கேக்குறாங்க. பாருங்க, 1410ல செஞ்ச கடிகாரம் இன்னும் ஓடுது. காலை 9ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் மணிக்கு ஒரு தடவை எலும்புக்கூடு கயித்தை இழுத்து மணி அடிக்கும், மேல ஜன்னல்ல 12 அப்போஸ்தலர்கள், அதாவது இயேசுவோட சீடர்கள், பொம்மையா வரிசையா வந்துட்டுப் போவாங்க, கடைசியில சேவல் கூவும். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். அந்த ஒரு நிமிஷமும் எல்லாரும் போனைத் தூக்கிட்டு அண்ணாந்து நிப்பாங்க, பிக்பாக்கெட்காரங்களுக்கு அதுதான் வசதி. பையை முன்னாடி மாட்டிக்கோங்க. பக்கத்துலயே தரையில 27 வெள்ளைச் சிலுவை பதிச்சிருப்பாங்க, கூட்டம் மிதிச்சிட்டே போகும். 1621 ஜூன் 21ல பேரரசரை எதிர்த்த 27 பேரை அந்த இடத்துலதான் கொன்னாங்க. கடிகாரத்தை விட அதுக்கு முன்னாடி நான் நின்ன நேரம் அதிகம்.

சுத்த சைவம்க்கா நான், பட்டினி கிடக்கணுமா?

அந்த ஊர் சாப்பாடு மாட்டுக்கறியும் பன்னியும் அதிகம்தான். ஆனா ஸ்மஜெனி சீர்னு ஒண்ணு எல்லா சாதாரண ஹோட்டல்லயும் இருக்கும், தடிமனா வெட்டின சீஸைத் தூள் புரட்டி பொரிச்சுத் தருவாங்க, கூட உருளைக்கிழங்கு. வயிறு நிறையும், தினமும் சாப்பிட முடியாது. "பெஸ் மசா"ன்னா கறி இல்லாமன்னு அர்த்தம், மனப்பாடம் பண்ணுங்க. பூண்டு சூப், உருளைக்கிழங்கு அடை மாதிரி ஒண்ணு எல்லாம் பாக்க சைவமா தெரியும், சூப்புல கறித்தண்ணியும் அடையில பன்னிக் கொழுப்பும் இருக்க வாய்ப்பு உண்டு, கேட்டுட்டு வாங்குங்க. இந்திய ஹோட்டலும் நிறைய இருக்கு. வார நாள்ல மதியம் 11ல இருந்து 2 வரைக்கும் டென்னி மெனுன்னு பலகையில எழுதி வைப்பாங்க, அன்னிக்கு சமைச்சது, ராத்திரி விலையை விடக் கம்மி.

கறி சாப்பிடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: சதுக்கத்துக் கடையில சுட்ட பன்னித் தொடை விக்கும், பலகையில போட்டிருக்கிறது 100 கிராம் விலை. எத்தனை கிராம்னு சொல்லாம "ஒண்ணு குடுங்க"ன்னா பெரிய துண்டா வெட்டித் தட்டுல வச்சிடுவாங்க. ஹோட்டல்ல கேக்காமலே மேசைக்கு வர்ற ரொட்டிக்கும் பில்லு உண்டு. தெரு பூரா மணக்குற ட்ர்டெல்னீக், அந்த உருளை மாதிரி சுட்ட இனிப்பு ரொட்டி, "பழைய பிராக் பலகாரம்"னு எழுதியிருப்பாங்க, அது டூரிஸ்டுக்காக சமீப காலத்துல பரவினது. ருசி நல்லாத்தான் இருக்கு, சரித்திரம்னு நினைச்சு வாங்காதீங்க.

பீருக்குப் பேர் போன ஊராச்சே, குடிக்காதவ அங்க போய் உக்காரலாமா?

தாராளமா. அந்த ஊர்ல பப்புங்கிறது நம்ம டீக்கடை மாதிரி, தாத்தாங்க பேப்பர் படிச்சிட்டு இருப்பாங்க, குடும்பமா வருவாங்க. கோஃபோலான்னு அவங்க நாட்டு கோலா ஒண்ணு இருக்கு, மூலிகை வாசத்தோட, குழாய்ல புடிச்சு கிளாஸ்ல தருவாங்க. உக்காந்ததும் மேசையில ஒரு சின்ன காகிதத் துண்டு வச்சிட்டுப் போவாங்க, ஒவ்வொரு கிளாஸுக்கும் அதுல பேனாவால ஒரு கோடு, கிளம்பும்போது அதை எண்ணித்தான் பில்லு. அதைத் தொலைக்கவோ கிறுக்கவோ கூடாது.

இங்கிலீஷ் மட்டும் வச்சு சமாளிக்க முடியுமா?

ஊர் நடுவுல முடியும். ஆனா உள்ள நுழையும்போது "டொப்ரி டென்" சொல்லாம நேரா இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா முகம் இறுகிடும், சொல்லிட்டு ஆரம்பிச்சா அதே ஆளு கூட நாலு வார்த்தை பேசுவாரு. வெச்செர்கா கதைதான் மேலயே சொல்லிட்டேனே. "டியெகுயி"ன்னா நன்றி, "ப்ரோசீம்"னா தயவுசெஞ்சு. முதல்ல சிரிக்க மாட்டாங்க, அதைக் கோவம்னு எடுத்துக்காதீங்க. மெட்ரோவுல ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கதவு மூடுறதுக்கு முன்னாடி ஒரே அறிவிப்பு வரும், "த்வெர்ஷே செ ஸவீராயி"ன்னு முடியும், கதவு மூடுதுன்னு அர்த்தம். மூணாவது நாள் அதைக் கூடவே முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டேன்.

தமிழ் பேசுற ஆள் யாராச்சும் இருப்பாங்களா?

ஐடி வேலைக்கும் படிக்கவும் வந்த நம்மாளுங்க இருக்காங்க, டிராம்ல திடீர்னு தமிழ் காதுல விழும். அதை விட எனக்கு முக்கியமா பட்டது வேற. ஸ்டாரோமெஸ்ட்ஸ்கா மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்தா யான் பாலாஹ் சதுக்கம், அங்க சார்லஸ் பல்கலைக்கழகத்தோட கலைப்புலக் கட்டடம் நிக்குது. 1348ல தொடங்கின பல்கலைக்கழகம். 1927ல இதே ஊர்ல பொறந்த கமில் சுவெலபில், தமிழ் இலக்கியத்தையும் முருகனையும் பத்தி உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அறிஞர், இந்தப் பல்கலைக்கழகத்துலதான் தமிழ் சொல்லிக் குடுத்தாரு. 1968ல சோவியத் படை நாட்டுக்குள்ள வந்ததுக்கு அப்புறம் அவரு சொந்த ஊரை விட்டே வெளிய போக வேண்டியதாச்சு.

அதே படையெடுப்பை எதிர்த்துதான் இந்தக் கலைப்புல மாணவர் யான் பாலாஹ், 20 வயசுப் பையன், 1969 ஜனவரி 16ல வாட்ஸ்லாவ் சதுக்கத்துல தன் உடம்புல தீ வச்சிக்கிட்டாரு, மூணு நாள் கழிச்சு இறந்துட்டாரு. கட்டடச் சுவத்துல அவரோட முகத்தை வார்த்து வச்சிருக்காங்க, கண்ணு மூடின முகம், அடியில யாரோ மெழுகுவத்தி வச்சிருந்தாங்க. ஒரு பையனோட முகம் அது, என் தம்பி வயசு. டூரிஸ்ட் லிஸ்ட்ல இது பெருசா வராது, ரெண்டு நிமிஷம் போய் நில்லுங்க.

கோட்டைக்கு ஏறித்தான் போகணுமா, கால் வலிக்குமே?

22ஆம் நம்பர் டிராம்ல ஏறி பிராஷ்ஸ்கி ஹ்ராட் ஸ்டாப்ல இறங்குங்க, மேலயே விட்டுடும், சுத்திப் பாத்துட்டு மாலா ஸ்த்ரானா பக்கம் படியில இறங்கி வாங்க, ஏறுறதை விட இறங்குறது சுகம். அந்த டிராம்லயும் கடிகாரத்துக்கிட்ட சொன்ன அதே ஜாக்கிரதை வேணும். கோட்டை வளாகத்துக்குள்ள நடக்க டிக்கெட் வேணாம், உள்ள கட்டடங்களுக்குத்தான். புனித வீட்டஸ் பேராலயம் 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிஞ்சது, கிட்டத்தட்ட அறுநூறு வருஷம். போர் வந்து நின்னு, காசு இல்லாம நின்னு, திரும்ப ஆரம்பிச்சுக் கட்டினது. ஓவியர் முஹா வடிச்ச வண்ணக் கண்ணாடி ஜன்னல் இடது பக்கம் இருக்கும், வெயில் அடிக்கிற நேரமா போனா கலர் தூண்ல விழும்.

மூணு நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடலாம்ல?

முடியாது, முடிக்கவும் பாக்காதீங்க. நாளைக்கு ஒரு பெரிய இடம், அது போதும். யூதர் பகுதி யோசெஃபோவை மட்டும் விடாதீங்க, அங்க பின்காஸ் தொழுகைக்கூடத்துச் சுவர் முழுக்க நாஜிங்க கொன்ன செக் யூதர்களோட பேரு, கிட்டத்தட்ட 80,000 பேரு, கையால எழுதினது, குடும்பம் குடும்பமா. அது சனிக்கிழமை மூடியிருக்கும், பாத்துப் போங்க. அதைப் பாத்துட்டு அன்னிக்கு வேற எதுவும் வச்சிக்காதீங்க, நான் விஷெஹ்ராட் குன்றுக்குப் போய் ஆத்தைப் பாத்துக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டேன். அது இலவசம், கூட்டமும் கம்மி.

என் பொண்ணு ராத்திரி தனியா நடக்கலாமாம்மா, உண்மையைச் சொல்லு

அம்மா, நான் பல நாள் ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிய இருந்தேன், ஒரு தொந்தரவும் வரல. தெருவுல ஆள் இருப்பாங்க, டிராம்ல பாட்டிங்க கூட போவாங்க. மெட்ரோ நடுராத்திரி வரைக்கும் ஓடும், அதுக்கு அப்புறம் 90ல ஆரம்பிக்கிற நம்பர்ல ராத்திரி டிராம் இருக்கு, பெரும்பாலும் லாசர்ஸ்காங்கிற ஸ்டாப் வழியா போகும், அங்க மாறிக்கலாம். மெயின் ரயில்வே ஸ்டேஷன் முன்னாடி ஒரு பார்க் இருக்கு, இருட்டினதுக்கு அப்புறம் அது வழியா மட்டும் நடக்க வேணாம்னு சொல்லுங்க. அவசரத்துக்கு 112, போலீஸுக்கு 158. என்னைக் கேட்டா ராத்திரியை விட டிராம் தண்டவாளத்துக்குத்தான் பயப்படணும். வரிக்கோட்டுல நாம நடந்தாலும் அங்க டிராமுக்குத்தான் முன்னுரிமை, அது நிக்காது, நம்ம ஊர் மாதிரி கையைக் காட்டிட்டு குறுக்க போயிடக் கூடாது.

போலீஸ்னு சொல்லி பர்ஸைக் கேட்டா குடுக்கணுமா?

அடையாள ஆவணத்தைக் கேக்குற உரிமை உண்மையான போலீஸுக்கு உண்டு, அதனால பாஸ்போர்ட்டை நீங்க காமிக்கத்தான் வேணும். லாக்கர்ல வைங்கன்னு மேல சொன்னது ராத்திரிக்கும் குளிக்கிற நேரத்துக்கும், வெளிய போகும்போது சட்டைக்குள்ள கட்டுற பையில இருக்கட்டும். ஆனா "கள்ள நோட்டு இருக்கான்னு பாக்கணும், பர்ஸைக் குடு"ன்னா அது ஏமாத்து. பர்ஸை வெளிய எடுக்காம 158க்குக் கூப்பிடுறேன்னு சத்தமா சொல்லிட்டு பக்கத்துக் கடைக்குள்ள போயிடுங்க. பாஸ்போர்ட் தொலைஞ்சா முதல்ல போலீஸ்ல புகார் எழுதி வாங்கிட்டு, பிராக்லயே இருக்கிற இந்தியத் தூதரகத்துக்குப் போகணும். பாஸ்போர்ட், விசா பக்கம் ரெண்டையும் போட்டோ எடுத்து வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க.

மூணாவது நாள் வெளியூர் ஒரு சுத்து போலாமா, இல்ல ரிஸ்க்கா?

போலாம், குட்னா ஹோரா போங்க. ஒரு காலத்துல வெள்ளிச் சுரங்கத்தால கொழிச்ச ஊரு, மெயின் ஸ்டேஷன்ல இருந்து ரயில்ல சுமார் ஒரு மணி நேரம். அங்க செட்லெட்ஸ் பகுதியில சுமார் 40,000 பேரோட எலும்பை அடுக்கி அலங்கரிச்ச ஒரு சின்ன தேவாலயம் இருக்கு, உள்ள போட்டோ எடுக்கக் கூடாது. அந்த எலும்புக் கோயில் பெரிய ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம்தான், பழைய ஊரும் புனித பார்பரா ஆலயமும் அங்க இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர், உள்ளூர் ரயிலோ பஸ்ஸோ ஏறிக்கலாம். முதல்ல எலும்புக் கோயில், அப்புறம் பார்பரான்னு வச்சிக்கோங்க, அலையறது குறையும். உங்க 72 மணி நேர டிக்கெட் பிராக் எல்லைக்குள்ள மட்டும்தான், இந்த ரயிலுக்குத் தனியா எடுக்கணும். திரும்புற ரயில் நேரத்தை இறங்கின உடனே ஸ்டேஷன் பலகையில போட்டோ எடுத்துக்கோங்க, நான் அஞ்சு மணி வண்டியில ஏறினேன், ஹாஸ்டல் வரும்போது எதிர்க்கட்டில் பொண்ணு முழிச்சிருந்தா, முறுக்கு டப்பாவை நீட்டினேன்.